‘இன்’னா ‘ஆன்’னா ‘அட்’டா: இங்கிலீஷ் டியூஷன் டீச்சர்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சிங்கப்பூர்ல நம்ம பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிற எல்லா டீச்சருக்கும் சாருக்கும் இந்த மடல். பெரிய சென்டர் நடத்துறவங்க, வீட்டு ஹால்ல நாலு பிள்ளைங்களை உக்கார வச்சு சொல்லிக்கொடுக்கிற அக்காமாருங்க, சனிக்கிழமை சமூக மன்றத்துல காசு வாங்காம வந்து பாடம் எடுக்கிற தம்பி தங்கச்சிங்க, எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்றேன். ஸ்கூல் டீச்சருங்களை இதுல இழுக்கல, அவங்களுக்கு ஒரு கிளாஸ் நிறைய பிள்ளைங்க, ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் உக்கார முடியாது. நீங்க உக்கார்றீங்க, அதுக்குத்தான் நாங்க காசு குடுக்குறோம், அதனால உங்ககிட்ட கேக்குறேன்.

நான் இங்கிலீஷ் வாத்தியார் இல்ல. கட்டுமானத் தளத்துல சேஃப்டி வேலை. பெர்மிட், மெத்தட் ஸ்டேட்மெண்ட், ரிஸ்க் அசெஸ்மெண்ட்னு பகல் பூரா இங்கிலீஷ்ல எழுதி, அதையே காலையில வேலை தொடங்குறதுக்கு முன்னாடி நடக்கிற டூல்பாக்ஸ் மீட்டிங்ல தமிழ்ல எடுத்துச் சொல்றதுதான் பொழப்பு. வீட்டுல பி ஃபைவ், அதாவது தொடக்கப்பள்ளி அஞ்சாம் வகுப்பு படிக்கிற பொண்ணு இருக்கா. ஆக ரெண்டு பக்கமும் எனக்கு ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’னு ப்ரெபொசிஷன்னு சொல்ற இந்த சின்னச் சின்ன சொல்லுங்களோடதான் மல்லுக்கட்டு.

சொல்ல வந்தது இதுதான்: ப்ரெபொசிஷனை நீங்க லிஸ்ட்டா குடுக்குறீங்க, தப்பாப் போட்டா சிவப்புல சுழிச்சுட்டு சரியானதை மேல எழுதுறீங்க, ஏன்னு சொல்றதில்ல. அது பத்தாது. அதோட, பிள்ளைக்கு ஏற்கனவே தெரிஞ்ச தமிழை இதுக்குப் பக்கத்துலயே விட மாட்டேங்குறீங்க. அது பெரிய நஷ்டம்.

போன மாசம் பொண்ணு கொண்டுவந்த வொர்க்‌ஷீட்டைச் சொல்றேன் பாருங்க. கிராமர் குளோஸ், பிஎஸ்எல்இங்கிற தொடக்கப்பள்ளிக் கடைசிப் பரீட்சையில 10 மார்க் உள்ள பகுதி, ஒரு பத்தி, நடுநடுவுல கோடு, அதை நிரப்புற சொற்கள் ஒரு பெட்டிக்குள்ள. அதுக்குப் பயிற்சின்னு தனித்தனி வாக்கியமாக் குடுத்திருந்தாங்க. முதல் வாக்கியத்துல ஒரு ஆளை சைக்கிள் திருடினதா ‘அக்யூஸ்’ பண்றாங்க, கோட்டுல இவ ‘ஃபார்’ போட்டிருக்கா. சுழி. மேல ‘ஆவ்’. (லைட்டை ஆஃப் பண்ற ‘ஆஃப்’ வேற, இது வேற, குழம்பக்கூடாதுன்னு இந்த மடல் பூரா ‘ஆவ்’னே எழுதுறேன்.) சரி, குத்தம் சொன்னா ‘ஆவ்’ போடணும் போலன்னு இவ புரிஞ்சுக்கிட்டா. ரெண்டு வாக்கியம் தள்ளி ஒருத்தரை ஆக்சிடென்ட்டுக்கு ‘பிளேம்’ பண்றாங்க, அங்க ‘ஆவ்’ போட்டா. மறுபடியும் சுழி, மேல ‘ஃபார்’. அதுக்குக் கீழ போலீஸ் ஒருத்தன் மேல ‘சார்ஜ்’ போடுது, அங்க என்ன போடுறதுன்னே தெரியாம வெறுமனே விட்டுட்டா, அங்க சிவப்புல ‘வித்’.

அந்தப் பிள்ளை சோம்பேறித்தனமா எதையோ போட்டு வைக்கல. உங்க திருத்தத்துலேர்ந்தே பாடம் கத்துக்கிட்டு அடுத்த இடத்துல அதைப் போட்டுப் பார்த்திருக்கா, அதுக்கும் சுழி விழுந்தா அப்புறம் எதை நம்பி யோசிப்பா? ‘அக்யூஸ்’னா ‘ஆவ்’, ‘பிளேம்’னா ‘ஃபார்’, ‘சார்ஜ்’னா ‘வித்’, மூணும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தந்தான் ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு ஜோடின்னு ஒரு வரி, பக்கத்துல உக்கார்ந்து வாயால சொல்லியிருந்தாப் போதும். அர்த்தத்தைப் பார்த்துப் போட்டுடலாம்னுதானே அவ நெனச்சா, அங்கதானே தடுக்கி விழுந்தா.

சுழிக்கு அப்புறம் பரிகாரமா ஒரு லிஸ்ட் வந்துச்சு, ஜெராக்ஸ், அகர வரிசையில: அப்சென்ட் ஃப்ரம், அக்யூஸ் ஆவ், அஃப்ரெய்ட் ஆவ், அக்ரீ வித், ஆங்க்ரி வித்னு ‘ஏ’ல ஆரம்பிச்சு ‘டபிள்யூ’ வரைக்கும். அடுத்த வாரம் ஸ்பெல்லிங் மாதிரி டெஸ்ட். இந்த சொல்லுங்களுக்குள்ள முதல் எழுத்தைத் தவிர என்ன உறவு இருக்கு சொல்லுங்க? மளிகைக் கடை ரோக்கா மாதிரி இருக்கு, வாங்கி முடிச்சதும் கசக்கிப் போட்டுடுவோம், பொண்ணும் டெஸ்ட் முடிஞ்சதும் அதைத்தான் பண்ணினா.

நான் வீட்டுல சொல்லிக்குடுத்தது ரொம்ப சாதாரணம், உங்களுக்குத் தெரியாததும் இல்ல. கோட்டைப் பார்த்ததும் மொதல்ல இடது பக்கத்துச் சொல்லைப் பாரு. அது எதையாவது புடிவாதமா கேக்குதா? ‘டிபெண்ட்’ இருந்தா ‘ஆன்’ கேக்கும், ‘இன்சிஸ்ட்’டும் ‘ஆன்’தான், ‘சக்சீட்’ ‘இன்’ கேக்கும், ‘பிரிவெண்ட்’ ‘ஃப்ரம்’ கேக்கும், ‘கேப்பபிள்’ ‘ஆவ்’ கேக்கும். கேட்டதைக் குடு, வேற யோசிக்காத. அது எதுவும் கேக்கலன்னா வலது பக்கம் பாரு. கிழமை இருந்தா ‘ஆன்’, மாசம் வருஷம் இருந்தா ‘இன்’, மணி இருந்தா ‘அட்’. மார்னிங்குக்கு ‘இன்’, நைட்டுக்கு ‘அட்’, ஆனா மண்டே மார்னிங்னு கிழமை ஒட்டிக்கிட்டா கிழமைதான் ஜெயிக்கும், ‘ஆன்’. இடதும் கேக்கல வலதும் கேக்கலன்னாத்தான் என்ன சொல்ல வர்றாங்கன்னு அர்த்தத்துக்குப் போகணும். பந்தை ‘டு’ போட்டு எறிஞ்சா அவன் புடிக்கிறதுக்கு, ‘அட்’ போட்டு எறிஞ்சா அவன் மண்டையைப் பார்த்து. ‘ஷவுட்’டும் அப்படித்தான், ‘டு’ போட்டா தூரத்துல நிக்கிறவனுக்குக் கேக்கணும்னு கத்துறது, ‘அட்’ போட்டா திட்டுறது.

இந்த வரிசை தெரியாம பிள்ளைங்க எல்லாக் கோட்டுலயும் நேரா அர்த்தத்துக்குப் போறாங்க, இல்ல எது காதுக்கு நல்லா இருக்குன்னு பார்க்கிறாங்க. காது அவங்களுக்கு என்ன சொல்லும்? இந்த ஊர்ல காதுல விழறது ‘ஆன் தி ஃபேன்’, ‘ஆஃப் தி லைட்’. ப்ரெபொசிஷனே இங்க வினைச்சொல்லா வேலை பார்க்குது! கோப்பிக் கடையில அதைக் கேட்டா எனக்கு ஒரு குறையும் இல்ல, நானும் அப்படித்தான் பேசுறேன். பரீட்சைத் தாள்ல மட்டும் முன்னாடி ‘டர்ன்’ வேணும்னு பிரிச்சுச் சொல்லிட்டாப் போதும்.

இப்போ எனக்குக் கோவம் வந்த இடத்துக்கு வர்றேன். பேர் சொல்ல விரும்பல, ஒரு சென்டர்ல பேரண்ட்ஸ் மீட்டிங்ல ஒரு டீச்சர் என்கிட்ட, “வீட்டுல தமிழ் பேசுறீங்கல்ல சார், அதான் ப்ரெபொசிஷன் வீக்கா இருக்கு, கொஞ்ச நாள் இங்கிலீஷ்லயே பேசிப் பாருங்க”ன்னாங்க. சிரிச்சுக்கிட்டே நல்லெண்ணத்துலதான் சொன்னாங்க. ஆனா அது தப்பு, ஏன்னு சொல்றேன்.

2020 சென்சஸ் கணக்குப்படி இங்க அஞ்சு வயசுக்கு மேல உள்ள குடியிருப்பாளர்கள்ல 48.3 விழுக்காட்டுக்காரங்க வீட்டுல அதிகமா பேசுறது இங்கிலீஷ். இந்தியர்களை மட்டும் எடுத்தா அது இன்னும் கூட. தமிழ்தான் காரணம்னா இந்நேரம் பாதிப் பிரச்சனை காணாமப் போயிருக்கணுமே, போச்சா? என் பொண்ணோட கிளாஸ்ல சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் அதே ‘டிஸ்கஸ் அபவுட்’தான் எழுதுது. அவங்க வீட்டுல யாரு தமிழ் பேசினா?

‘டிஸ்கஸ் அபவுட்’டுக்குக் காரணம் இங்கிலீஷுக்குள்ளயே இருக்கு. ‘டிஸ்கஷன்’னு பெயர்ச்சொல்லா இருந்தா பின்னாடி ‘அபவுட்’ வரும், அது சரிதான். வினையா மாறினா நேரா போய் விஷயத்தைப் புடிச்சுக்கும், நடுவுல ஆள் வேணாம். ‘ரெக்வெஸ்ட்’ பெயரா இருந்தா ‘ஃபார்’, வினையா இருந்தா வெறும் ‘ரெக்வெஸ்ட்’. ‘எம்ஃபசிஸ்’னா ‘ஆன்’, ‘எம்ஃபசைஸ்’னா ஒண்ணும் வேணாம். ‘டிமாண்ட்’, ‘ஆன்சர்’ எல்லாம் இதே கதைதான். ஆஃபீஸ்ல எனக்கு வர்ற ஈமெயில்ல பாதித் தப்பு இந்த ஒரே விஷயத்துலதான் விழுது, டிகிரி முடிச்ச என்ஜினியருங்களே எழுதுறாங்க. லிஸ்ட்ல இதையெல்லாம் தனித்தனியா மூலைக்கு ஒண்ணாப் போட்டு வைக்கிறதுக்குப் பதிலா ஒரே பாடமா, பெயர் ஒரு பக்கம் வினை ஒரு பக்கம்னு எழுதிக் காட்டினா ஒரு மணி நேரத்துல முடிஞ்சுரும்.

தமிழ் இதுல எங்க வருதுன்னா, நம்ம வேற்றுமை உருபுதான் அவங்க ப்ரெபொசிஷன் செய்யுற வேலையைச் செய்யுது. நமக்கு சொல்லுக்குப் பின்னாடி ஒட்டும், அவங்களுக்கு முன்னாடி தனியா நிக்கும், அவ்வளவுதான். அதே பிள்ளை தமிழ் கிளாஸ்ல உக்கார்ந்து வேற்றுமை உருபுக்குக் கோடு நிரப்புது, தமிழ்த் தாள்ல அதுக்கும் மார்க் இருக்கு. அடுத்த ரூம்ல இங்கிலீஷ் கிளாஸ்ல ப்ரெபொசிஷனுக்குக் கோடு நிரப்புது. ரெண்டு டீச்சரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறதில்ல, பிள்ளைக்கு ரெண்டும் ரெண்டு உலகம்.

எங்க தமிழ் காலை வாரும்னு மொதல்ல சொல்றேன், மறைக்க ஒண்ணும் இல்ல. நம்ம ‘ல’ ஒண்ணு இருக்கே, அது எல்லா வேலையும் பார்க்கும். யீஷூன் பேட்டையில இருக்கோம், ஒன்பதாவது மாடியில இருக்கோம், இந்த புளோக்குல இருக்கோம், பஸ்ல வந்தோம், காலையில வந்தோம். இங்கிலீஷ்காரன் இதையே பிரிச்சுப் பிரிச்சு வச்சிருக்கான். யீஷூனுக்கு ‘இன்’, மாடிக்கு ‘ஆன்’, புளோக் நம்பருக்கு ‘அட்’. அரசாங்க அடுக்குமாடி எச்டிபி வீட்டுல இருக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தன்னோட அட்ரஸே இதுக்கு நல்ல பாடம், ஒரு நோட்டுல ஒரே வாக்கியமா எழுத வச்சா மூணும் வந்துரும். பஸ்ஸும் எம்ஆர்டி ரயிலும் ஃபிளைட்டும் எந்திரிச்சு நடக்கக்கூடியது, அதுக்கு ‘ஆன்’, காரும் டாக்சியும் குனிஞ்சு உள்ள போய் உக்கார்றது, அதுக்கு ‘இன்’. இறங்கும்போதும் அப்படியே, பஸ்ஸுக்கு ‘கெட் ஆஃப்’, காருக்கு ‘கெட் அவுட் ஆவ்’. அதே மாதிரி நம்ம ‘ஆல’: கத்தியால வெட்டினான்னா ‘வித்’, திருடனால வெட்டுப்பட்டான்னா ‘பை’, மழையால லேட்டுன்னா ‘பிகாஸ் ஆவ்’. நமக்கு ஒண்ணு, அவங்களுக்கு மூணு. இப்படிச் சொல்லிட்டா பிள்ளை அந்த இடத்துல உஷாரா இருக்கும்.

ஆனா தமிழ் கை கொடுக்கிற இடத்தை யாருமே சொல்றதில்ல! ‘சின்ஸ்’, ‘ஃபார்’ குழப்பம் எவ்வளவு பெரிய பாடமா எடுக்குறீங்க. நம்ம பிள்ளைகிட்ட ஒரே கேள்வி கேளுங்க: தமிழ்ல ‘லேர்ந்து’ வருமா, ‘ஆ’ வருமா? 2019லேர்ந்து இங்க இருக்கோம், ‘சின்ஸ்’. பத்து வருஷமா இங்க இருக்கோம், ‘ஃபார்’. முடிஞ்சது. பத்து வருஷத்துலேர்ந்து இங்க இருக்கோம்னு நாம யாராவது சொல்வோமா, வாயில வராது. ‘பை’, ‘அன்டில்’ அதே மாதிரி. வெள்ளிக்கிழமைக்குள்ளன்னா ‘பை’, வெள்ளிக்கிழமை வரைக்கும்னா ‘அன்டில்’. நம்ம வீட்டு மூணு வயசுப் பிள்ளைக்கும் இந்த வித்தியாசம் தெரியும். ‘இன் த்ரீ டேஸ்’னா மூணு நாள் கழிச்சு, ‘விதின் த்ரீ டேஸ்’னா மூணு நாளைக்குள்ள, இதுவும் தமிழ்ல தெள்ளத்தெளிவு. இவ்வளவு கையில வச்சுக்கிட்டு வீட்டுல தமிழை நிறுத்துங்கன்னா என்ன அர்த்தம் டீச்சர்?

இதை நான் சும்மா சொல்லல, என் வேலையில தினம் பார்க்கிறேன். கிரேன் வெள்ளிக்கிழமைக்குள்ள வருமா வெள்ளிக்கிழமை வரைக்கும் நிக்குமாங்கிறது ஒரு சொல்லுல இருக்கு, மாத்தி எழுதினா ஆளுங்க, கிரேன்ல பாரத்தைக் கட்டுற ரிக்கர், லாரி எல்லாம் தப்பான நாள்ல வந்து நிக்கும். சைட்ல மாட்டியிருக்கிற போர்டைப் பாருங்க. ‘கீப் ஆஃப்’னா மேல ஏறாத, ‘கீப் அவுட்’னா உள்ள வராத, ‘கீப் கிளியர் ஆவ்’னா கிட்டயே வராத. ‘கீப்’ அப்படியே நிக்குது, முழு வேலையும் அந்தக் குட்டிச் சொல்லுதான் பார்க்குது. ஒரு ஆள் மூணு மீட்டருக்கு மேல விழக்கூடிய இடத்துல வேலைன்னா இங்க பெர்மிட் இல்லாம ஏற முடியாது, அந்த பெர்மிட்ல போட்டிருக்கிறது ‘ஒர்க் அட் ஹைட்’. அதை ‘இன் ஹைட்’னோ ‘ஆன் ஹைட்’னோ எழுதினா யாரும் விழப்போறதில்ல, புரிஞ்சுக்குவாங்க. ஆனா தொங்கிட்டிருக்கிற லோடுக்கு ‘அண்டர்’ல நிக்காதன்னு சொல்ற இடத்துல வேற ஏதாவது சொல்லு விழுந்தா அது வேற விவகாரம்.

இதுலேர்ந்துதான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. தப்புல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு அர்த்தத்தையே மாத்துறது: ‘பை’க்குப் பதிலா ‘அன்டில்’, எறியுறதுல ‘டு’வா ‘அட்’டா, ‘ஆன் டைம்’னா சொன்ன நேரத்துக்கு டாண்ணு, ‘இன் டைம்’னா காரியம் கெடுறதுக்கு முன்னாடி, ‘ஆன் தி வே’ன்னா வந்துக்கிட்டிருக்கேன், ‘இன் தி வே’ன்னா வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறேன். இன்னொண்ணு வெறும் வழக்கம்: ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘குட் இன் மேத்ஸ்’, ‘மேரீட் வித்’. அர்த்தம் யாருக்கும் குழம்பாது, மார்க் போகும், அவ்வளவுதான். நீங்க ரெண்டுக்கும் ஒரே சிவப்பு சுழி போடுறீங்க. முதல் ஜாதியை விளக்கிச் சொல்லிப் புரிய வைக்கலாம், வைக்கணும். ரெண்டாவதுக்கு விளக்கமே கிடையாது, ஜோடியோட சேர்த்துத் திரும்பத் திரும்பக் கண்ணுல படணும், படிச்சுப் படிச்சுத்தான் வரும். இதுல எது எதுன்னு பிள்ளைக்குத் தெரிஞ்சா யோசிக்க வேண்டிய இடத்துல யோசிக்கும், பழக வேண்டிய இடத்துல பழகும்.

“ஏன் அப்படி?”ன்னு கேக்குற பிள்ளைக்கு “இங்கிலீஷ்னா அப்படித்தான்”னு சொல்லி வாயை அடைக்காதீங்க, சிலதுக்கு நல்ல கதை இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்கிலீஷுக்கும் நம்மள மாதிரி உருபு இருந்துச்சு, சொல்லோட கடைசி மாறும், அது எழுவாயா செயப்படுபொருளான்னு அதை வச்சே தெரிஞ்சுக்கலாம். அது கொஞ்சங்கொஞ்சமா தேஞ்சு போச்சு, 1066ல நார்மன்காரங்க வர்றதுக்கு முன்னாடியே தேய ஆரம்பிச்சாச்சு, அப்புறம் வேகமாப் போச்சு. ‘ஹி, ஹிம், ஹிஸ்’ஸுன்னு நாலஞ்சு இடத்துல மட்டும் மிச்சம் ஒட்டிக்கிட்டிருக்கு. போன உருபோட வேலையை எல்லாம் இருந்த ப்ரெபொசிஷனுங்க தலையில கட்டிட்டாங்க, அதான் ஒவ்வொண்ணும் பத்து வேலை பார்த்துக்கிட்டு முழிக்குது. ‘வித்’ அந்தக் காலத்துல ‘எதிரா’ன்னு அர்த்தம், ‘வித்ஸ்டாண்ட்’ல இன்னும் அந்தப் பழைய அர்த்தம் அப்படியே இருக்கு, சண்டை போடுறதுக்கு ‘ஃபைட் வித்’னு வர்றதும் அந்த வழிதான். ‘ஆவ்’வும் ‘ஆஃப்’பும் ஆதியில ஒரே சொல்லு. ‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’ எல்லாம் லத்தீன்லேர்ந்து வந்த ஆளுங்க, ‘விட’ங்கிற அர்த்தம் அதுக்குள்ளயே இருக்கு, அதான் ஒப்பிடும்போது வழக்கமா வர்ற ‘தேன்’ போடாம ‘டு’ போடுறோம். என் பொண்ணு ‘வித்’ கதையைக் கேட்டதுலேர்ந்து ‘ஆங்க்ரி வித்’ல தப்பு பண்றதே இல்ல.

இடியமுக்கு, அதாவது மரபுத்தொடருக்கு வர்றேன். கம்போ எழுத, அதான் கட்டுரை எழுதன்னு நீங்க குடுக்குற ‘குட் ஃப்ரேசஸ்’ தாள் இருக்கே, அதை நெனச்சா எனக்கு வயித்தெரிச்சல். எந்தப் பிள்ளையோட கம்போவை எடுத்தாலும் மழை பெஞ்சா பூனையும் நாயுமாத்தான் பெய்யுது, பயந்தா வயித்துல பட்டாம்பூச்சி, சந்தோஷம்னா ஒன்பதாம் நம்பர் மேகத்து மேல ஏறி உக்கார்ந்துக்குறாங்க, எல்லாம் ஒரே பத்தியில. நூறு பிள்ளையும் ஒரே தாளை மனப்பாடம் பண்ணினா மார்க் போடுறவருக்கு அலுக்காதா? இங்க டிசம்பர் மழையைப் பார்த்த பிள்ளைக்கு அதைப் பத்தி சொந்தமா சொல்ல ஒரு வரி கூடவா இருக்காது, எதிர் புளோக் கண்ணுக்குத் தெரியலன்னு எழுதினா அது போதாதா?

அதுவும் பாதி ஞாபகத்துல எழுதுறாங்க. ‘ஆன் கிளவுட் நைன்’ங்கிறது ‘இன்’ ஆகுது, உடம்பு சரியில்லன்னு சொல்ற ‘அண்டர் தி வெதர்’ ‘பிலோ’ ஆகுது, கடைசி நேரத்துலன்னு சொல்ற ‘இன் தி நிக் ஆவ் டைம்’ ‘அட்’ ஆகுது. அர்த்தத்தை வச்சு யோசிச்சா ‘பிலோ’வும் சரியாத்தானே தோணும். இங்கயும் தமிழ் உதவும். ஒருத்தன் ஓடிப்போயிட்டான்னா கம்பி நீட்டிட்டான்னு சொல்றோம், கம்பியை நீட்டமா இழுத்துட்டான்னு சொன்னா சிரிப்பாங்க. ஏமாத்துறதுன்னா காதுல பூ சுத்துறது, கழுத்துல சுத்தினா அது மாலை. மரபுத்தொடரை உள்ள கைவச்சு மாத்தக் கூடாதுன்னு தமிழ் கிளாஸ்ல அந்தப் பிள்ளைக்கு ஏற்கனவே தெரியும், இங்கிலீஷ் இடியமுக்குள்ள இருக்கிற ப்ரெபொசிஷனும் அதே மாதிரி ஆணி அடிச்சதுன்னு ஒரு தடவை சொன்னாப் போதும். வயித்துல புளியைக் கரைக்குதுன்னா என்னன்னு தெரிஞ்ச பிள்ளைக்கு பட்டாம்பூச்சியை விளக்கவே வேணாம், ரெண்டும் ஒண்ணு இல்ல, ஆனா கிட்டத்துல. (புளிதான் இன்னும் பயங்கரம்னு என் அபிப்பிராயம்.)

அப்புறம் ‘பாஸ் அப்’. “பாஸ் அப் யுவர் வொர்க்‌ஷீட்”னு நீங்களே சொல்றீங்க, இந்த ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. வெளியூர் இங்கிலீஷ்ல அதுக்கு ‘ஹேண்ட் இன்’. அங்க ‘பாஸ் அப்’னா கையில கிடைச்ச வாய்ப்பை வேணாம்னு விடுறது! இதைத் தப்புன்னு ஒழிக்கச் சொல்லல லா, இது இங்க உள்ளது அது அங்க உள்ளதுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுச் சொல்லுங்க, பிள்ளைங்களுக்கு இந்த மாதிரி விஷயம்னா ரொம்பப் பிடிக்கும், வீட்டுக்கு வந்து எங்களுக்கே பாடம் எடுப்பாங்க. 2000லேர்ந்து நல்ல இங்கிலீஷ் பேசுவோம்னு அரசாங்கமே இயக்கம் நடத்திப் பார்த்தாச்சு, இந்த ஊர் பேச்சு இங்கிலீஷான சிங்கிலீஷ் எங்கயும் போகல, ரெண்டையும் பிரிச்சுத் தெரிஞ்சுக்கிற பிள்ளைதான் பரீட்சையிலயும் தப்பிக்குது, பஸ் ஸ்டாப்புலயும் தப்பிக்குது.

ஆன்சர் கீயைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். ‘டிஃபரெண்ட்’டுக்கு ‘ஃப்ரம்’ மட்டும்தான்னு அடிச்சு சுழிக்கிறீங்க, பிரிட்டிஷ்காரங்க ‘டு’வும் சொல்றாங்க. ‘அட் தி வீக்கெண்ட்’ பிரிட்டிஷ், ‘ஆன் தி வீக்கெண்ட்’ அமெரிக்கா. பரீட்சையில எது பத்திரமோ அதை எழுதச் சொல்லுங்க, அது நியாயம், ஆனா மத்தது உலகத்துலயே இல்லாத தப்புன்னு சொல்லாதீங்க, பிள்ளை யூடியூப்ல கேட்டுட்டு வந்து எங்களைத்தான் மடக்குது. வாக்கியத்தை ப்ரெபொசிஷன்ல முடிக்கக் கூடாதுன்னு ஒருத்தர் சுழிச்சிருந்தார். அது 1672ல டிரைடன்னு ஒரு கவிஞர் கெளப்பிவிட்டது, லத்தீன்ல அப்படி முடிக்க முடியாது, அதனால இங்கிலீஷ்லயும் கூடாதுன்னு ஒரு கூட்டம் அதைப் புடிச்சுக்கிட்டுது. ‘வாட் ஆர் யூ லுக்கிங் அட்’னு கேக்காம வேற எப்படிக் கேப்பீங்க நீங்க?

சரி, கேக்குறது என்னன்னு சொல்லிடுறேன். அந்த அகர வரிசை லிஸ்ட்டை நிறுத்துங்க, குடுத்தே ஆகணும்னா ‘ஆன்’ கேக்குற சொல்லு எல்லாம் ஒரு தாள், ‘ஆவ்’ கேக்குறது ஒரு தாள்னு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு முழு வாக்கியத்தோட குடுங்க. புதுச் சொல் சொல்லிக்குடுக்கும்போதே ஜோடியோட குடுங்க, ‘இன்ட்ரஸ்டட்’னு தனியா எழுதிப் போடாம ‘இன்ட்ரஸ்டட் இன்’னு எழுதுங்க. சுழிக்கிற இடத்துல ஒரு சின்னக் குறி போட்டா எங்களுக்கே வீட்டுல உதவியா இருக்கும், இடது பக்கம் பார்க்கலையா, வலது பக்கம் பார்க்கலையா, அர்த்தத்துல தப்பா, ஒரு அம்புக்குறி போதும். கையில ஒரு லேர்னர்ஸ் டிக்ஷனரி வைங்க, பெரிய டிக்ஷனரி இல்ல, மொழி கத்துக்கிறவங்களுக்குன்னு போடுறது, அதுல சொல்லுக்குப் பக்கத்துலயே எந்த ப்ரெபொசிஷன் வரும்னு போட்டிருப்பாங்க, லைப்ரரியில இருக்கு. தமிழ் தெரிஞ்ச டீச்சரா இருந்தா, அதுவும் நம்ம பிள்ளைங்க மட்டும் இருக்கிற கிளாஸா இருந்தா, அந்த ‘லேர்ந்து’, ‘ஆ’, ‘குள்ள’, ‘வரைக்கும்’ நாலையும் ஒரு நாள் போர்டுல எழுதிப் பாருங்க. தமிழ் தெரியாத டீச்சருங்க பிள்ளைகிட்டயே கேளுங்க, “உங்க வீட்டுல இதை எப்படிச் சொல்வீங்க?”ன்னு, அது சொல்லும்.

பேரண்ட்ஸ் நாங்க செய்ய வேண்டியதும் இருக்கு, தெரியும். மார்க்கை மட்டும் பார்த்துட்டு உங்களைப் போட்டு வறுத்தெடுக்கிறதை நாங்க குறைச்சுக்கணும். அடுத்த மீட்டிங்குக்கு நான் பொண்ணோட நோட்டை எடுத்துட்டு வர்றேன், இடது வலதுன்னு அவ போட்டு வச்சிருக்கிற அம்புக்குறி எல்லாம் அதுல இருக்கு, பாருங்க, அதுல தப்பு இருந்தா சொல்லுங்க, நல்லா இருந்தா மத்த பிள்ளைங்களுக்கும் குடுங்க. காசெல்லாம் கேக்க மாட்டேன்.

இப்படிக்கு,
யீஷூன்லேர்ந்து ஒரு பி ஃபைவ் அப்பா